முன்பக்கம் பார்த்த புரொப்பல்லர் இருந்தால் குடும்பப் படகில் வேக்சர்ஃபிங் செய்யலாமா?

வெட்டாறு (நாகப்பட்டினம்):

வணக்கம். நாகையில் ஃபைபர் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறேன். நீளத் தண்டு வைத்த லாங் டெயில் டீசலும், பின்பலகைக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டும்தான் கைப்பழக்கம், ஸ்டெர்ன்டிரைவ் வைத்த உல்லாசப் படகைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வீட்டில் படகு என்று பேச்சு வந்தால் எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள், அதனால் இந்தக் கேள்வியை இங்கே கொண்டுவருகிறேன்.

அக்கா குடும்பம் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தான் இந்த வருஷம் பழைய படகு ஒன்று வாங்கப் போகிறார். 23 அடி பவுரைடர், முன்னாலும் உட்கார இடம் உள்ள குடும்பப் படகு. பிள்ளைகள் இரண்டு பேர், பெரியவளுக்கு 14, சின்னவனுக்கு 11. போன கோடையில் நண்பர் ஒருவரின் வேக்போட்டுக்கு (பெரிய அலை எழுப்பவென்றே செய்த படகு) பின்னால் பலகையில் கயிறு பிடித்து எழுந்து, அப்புறம் கயிற்றையும் விட்டுவிட்டு அலையிலேயே நின்று வந்திருக்கிறார்கள், அதுதான் வேக்சர்ஃபிங். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லையாம். தனியாக வேக்போட் வாங்க அத்தானுக்குக் கட்டுப்படியாகாது. இந்தப் படகில் இருப்பது ஃபார்வர்டு டிரைவ், புரொப்பல்லர் முன்பக்கம் பார்த்து இருக்கிறது, அதனால் சர்ஃபிங்குக்கும் இதுவே போதும் என்கிறார் விற்பவர்.

என் சந்தேகம் இதுதான். புரொப்பல்லரைத் திருப்பி வைத்ததால் மட்டும் ஒரு படகு அந்த வேலைக்கு ஆகிவிடுமா? பாதுகாப்பு வேறு, அலை வேறு, இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். பதினொரு வயதுப் பையன் படகின் பின்பலகையிலிருந்து ஆறேழு அடியில் நிற்பான் என்கிறார்கள், அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். முத்துப்பேட்டைப் பக்கம் சின்னதாகத் தங்கும் விடுதி வைத்திருக்கும் நண்பர், இந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து அப்படி ஒரு படகைத் தருவித்து அங்கே காயலில் விடலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.


பழைய பட்டறை (காரைக்கால்):

தம்பி, துபாயில் ஒரு படகுப் பட்டறையில் 14 வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான், அங்கே ஸ்டெர்ன்டிரைவ்தான் தினசரிப் பிழைப்பு. நீ இரண்டையும் பிரித்துக் கேட்டதே நல்ல கேள்வி, ஏனென்றால் விற்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். ஸ்டெர்ன்டிரைவில் எஞ்சின் படகுக்கு உள்ளே பின்பக்கம் உட்கார்ந்திருக்கும், கியர் உள்ள கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே தொங்கும். வால்வோ பென்டா நிறுவனம் 1959ல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் கொண்டுவந்தது, 1982ல் ஒரே தண்டு வரிசையில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பல்லர் வைத்த டுவோப்ராப் வந்தது. இவை எல்லாமே பின்பக்கம் பார்த்தவை, தண்ணீரைப் பின்னால் தள்ளிப் படகை முன்னால் முட்டுபவை. அதாவது சர்ஃப் செய்பவன் விழுகிற இடத்துக்கு எதிரிலேயே புரொப்பல்லரின் இலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால்தான் சாதாரண ஸ்டெர்ன்டிரைவ், அவுட்போர்டு இரண்டுக்கும் பின்னால் வேக்சர்ஃபிங் செய்யவே கூடாது. ஒரு தடவைதானே என்று கூடச் செய்யக் கூடாது. கயிற்றில் அறுபது எழுபது அடி தள்ளி வரும் ஸ்கீயும் இதுவும் ஒன்றல்ல.

2015ல் வால்வோ பென்டா ஃபார்வர்டு டிரைவைக் கொண்டுவந்தது. பெரிய படகுகளுக்காக 2005ல் அவர்கள் செய்த ஐபிஎஸ் என்ற டிரைவில் ஏற்கெனவே முன்பக்கம் பார்த்த இரட்டைப் புரொப்பல்லர் இருந்தது, அந்த யோசனையைத்தான் சின்னப் படகுக்கு இறக்கினார்கள். மெர்க்குரி நிறுவனமும் 2020ல் பிராவோ ஃபோர் எஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. திருவாரூர்த் தேரை நினைத்துக்கொள். வடம் பிடித்து முன்னால் இழுப்பது ஒன்று, பின்னால் புல்டோசர் வைத்து உந்துவது ஒன்று. பழைய டிரைவ் உந்துவது, இது இழுப்பது. இழுக்கும் புரொப்பல்லர் காலுக்கு முன்னால், படகின் அடிவயிற்றுக்குக் கீழே போய்விடுகிறது. பழையதைவிட 66 சென்டிமீட்டர் முன்னால் என்பது வால்வோவின் கணக்கு. பின்பலகை, அதற்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீச்சல் மேடை, அப்புறம்தான் பையன். இலைக்கும் அவனுக்கும் நடுவே படகின் ஒரு பகுதி வந்துவிடுகிறது. இந்த மாற்றம் உண்மையானது, வெறும் விளம்பரம் இல்லை. வேக்போட் என்று தனியாகச் செய்பவற்றிலும் இதே காரணத்துக்காகத்தான் தண்டும் புரொப்பல்லரும் அடிவயிற்றில் இருக்கின்றன.

ஆனால் கால் வெளியேதான் தொங்குகிறது. விழுந்தவன் மேடைக்கு அடியில் போனால் இலையில் படாவிட்டாலும் அந்தக் காலில் இடிபடுவான். ரிவர்ஸ் போட்டால் முன்பக்கப் புரொப்பல்லரும் ஆளை நோக்கித்தான் படகைக் கொண்டுபோகும். ஆகவே ஆளை ஏற்றும்போது எஞ்சினை அணைக்க வேண்டும், நியூட்ரலில் வைத்திருந்தால் போதாது. தண்ணீரில் ஆள் இருந்தால் ரிவர்ஸைத் தொடவே கூடாது.

பலரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு விஷயம் புகை. பெட்ரோல் எஞ்சின் விடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வேக்சர்ஃபிங் செய்வது மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் படகுக்குப் பின்னால் காற்று சுழன்று ஒரு குழி மாதிரி ஆகிவிடும், புகை அதிலேயே தங்கும், பையன் நிற்பதும் அதே இடத்தில்தான். ஃபார்வர்டு டிரைவ் புகையைத் தண்ணீருக்குள் கீழாக விடுகிறது, மேடையிலிருந்து தள்ளிப்போய்த்தான் மேலே வரும். அமெரிக்காவில் 2010 முதல் வந்த ஸ்டெர்ன்டிரைவ் எஞ்சின்களில் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் இருக்கிறது. இரண்டும் ஆபத்தைக் குறைப்பவை, ஒழித்துக்கட்டுபவை அல்ல. எஞ்சின் ஓடும்போது மேடையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போடும் பழக்கத்தை அத்தான் வீட்டில் யாருக்கும் வரவிட வேண்டாம்.

இனி அலை. அதற்கும் புரொப்பல்லர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். அலையைச் செய்வது எடை. படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு தண்ணீர் பின்னால் வந்து மூடும், அந்த மூடுகிற தண்ணீர்தான் அலை. வேக்போட்டில் ஒன்றரை டன், அதற்கு மேலும்கூடத் தண்ணீரை ஏற்றிப் படகைத் தாழ்த்துவார்கள். 23 அடிக் குடும்பப் படகு இரண்டு டன் சொச்சம் எடை இருக்கும், அதில் நிறுவனம் வைத்துக் கொடுக்கும் எடைத் தொட்டி இருந்தால் சில நூறு கிலோ ஏற்றலாம், அவ்வளவுதான். அலை வரும், ஆனால் முழங்கால் உயரத்துக்கு வரும், நீளமும் குறைவு. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அது போதும், கிலோ நாற்பது இருக்கும் பையனுக்குத் தாராளமாகப் போதும். எண்பது கிலோ அத்தானைக் கயிறில்லாமல் தாங்குமா என்றால், படகுக்குப் படகு மாறும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பின்பலகையில் இரண்டு பக்கமும் சர்ஃப் தகடு இருக்கிறதா என்று கேட்கச் சொல். அது இல்லாமல் எடையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தால் அலை கலங்கி நுரையாக வரும். தேருக்கு ஒரு சக்கரத்தில் முட்டுக்கட்டை போட்டால் தேர் திரும்புகிறது அல்லவா, அந்த மாதிரி வலது பக்கத் தகட்டை இறக்கினால் அந்தப் பக்கத் தண்ணீர் தாமதமாக மூடும், இடது பக்க அலை சுத்தமாக எழும். ஸ்டெர்ன்டிரைவில் கூடுதல் வசதி ஒன்று, காலைக் கொஞ்சம் தூக்கி இறக்கினால் அலையின் வடிவத்தையே மாற்றலாம். வேக்போட்டின் தண்டு அசையாது.


வெட்டாறு (நாகப்பட்டினம்):

அண்ணே, தேர் உதாரணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தகடு இருக்கிறதா என்று அத்தானிடம் கேட்டிருக்கிறேன். எடைத் தொட்டி இல்லை என்கிறார், ஆனால் கடையில் விற்கும் தண்ணீர்ப் பைகளை வாங்கி உள்ளே நிரப்பிக்கொள்ளலாம் என்று யோசனை வைத்திருக்கிறார். அது சரிதானா?


அரசலாறு (கும்பகோணம், இப்போது மினசோட்டா):

அண்ணா, நாங்கள் இதே மாதிரிப் படகைத்தான் மூன்று கோடைகளாக ஓட்டுகிறோம், 24 அடி, ஃபார்வர்டு டிரைவ், தகடு உண்டு. தண்ணீர்ப் பை என்றதும் பதறிப்போய் எழுதுகிறேன், தயவுசெய்து அத்தானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பவுரைடருக்கு முன்பக்கம் தாழ்வானது, திறந்தது. முதல் வருஷம் நாங்களும் பை வாங்கினோம், பின்னால் இரண்டு, முன் இருக்கைக்குக் கீழே ஒன்று. அதற்கு மேல் எட்டுப் பேர் ஏறினோம். மகள் விழுந்தாள், என் கணவர் வேகத்தைச் சட்டென்று குறைத்துப் படகைத் திருப்பினார், நாங்களே எழுப்பிய அலை நேராக எதிரில் வந்தது. முன் இருக்கையில் என் மாமியார். தண்ணீர் அவர் மடியில் ஏறி, நடு வழியில் ஓடி, என் காலடிக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீர், முழுசாக ஒரு தொட்டித் தண்ணீர். படகு மூக்கைத் தூக்குவதற்கு இரண்டு மூன்று வினாடி ஆனது, அந்த வினாடிகளை இன்னும் மறக்கவில்லை. அன்றோடு முன்பக்கப் பை போயிற்று. சர்ஃப் செய்யும்போது முன்னால் யாரும் உட்காருவதில்லை, விழுந்தவளைத் திரும்ப எடுக்கும்போது படகைத் தாழ்ந்த வேகத்தில் மெதுவாகவே சுற்றுகிறோம், எதிரில் அலை வந்தால் நேர்முகமாக ஏறாமல் சாய்வாக.

படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும். பையில் நிரப்பும் தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் வரும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 300 லிட்டர் நிரப்பினால் நான்கு பெரிய ஆட்கள் கரையில் நிற்க வேண்டும். இப்போது நாங்கள் பின்பக்கம் ஒரே ஒரு பை, மற்றபடி ஆட்களையே அலை வேண்டிய பக்கம் உட்காரவைக்கிறோம். இடது காலை முன்னால் வைத்து நிற்கும் மகளுக்கு இடது பக்க அலை, எல்லோரும் இடது பக்கம். வலது காலை முன்னால் வைக்கும் மகனுக்கு எல்லோரும் எழுந்து வலது பக்கம்.

அலையைப் பற்றி அந்த அண்ணன் எழுதியது அப்படியே உண்மை. மகள் கயிற்றை விட்டது இரண்டாவது கோடையில். முதலில் கயிறு தொய்ந்தது, அவள் அதைப் பார்த்தாள், கையிலிருந்த பிடியை அப்படியே படகுக்குள் என்னிடம் எறிந்தாள். ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டு வேக்போட்டின் அலையில் பாதிதான் எங்களுடையது, ஆனால் பன்னிரண்டு வயதுக்காரிக்கு அது குறையாகவே தெரியவில்லை. என் கணவருக்குக் கயிறு இல்லாமல் நிற்க வரவில்லை, அவர் ஆசை வேறு பக்கம் போய்விட்டது.

எங்களுக்குப் படகு என்பது சர்ஃபிங்குக்கு மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு தீவுக்குப் போவது, குழந்தைகள் குதித்து நீந்துவது, ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் சூரியன் மறைவதைக் காட்டுவது, இதற்கெல்லாம் இந்தப் படகு ரொம்ப நல்லது. காற்று எழுந்து ஏரி அலைக்கும் நாளில் கூர்மையான அடிப்பாகம் அலையை வெட்டிக்கொண்டு போகும். மணல் கரையில் ஒதுக்கும்போது காலைத் தூக்கிவிடலாம். புரொப்பல்லரோடு காலே திரும்புவதால் ரிவர்ஸிலும் சொன்ன பேச்சைக் கேட்கும், படகுத்துறையில் நானே கட்டுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேக்போட்டைப் பின்பக்கமாக எடுக்கும்போது படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன், அது சுக்கான் வைத்தது, பின்னால் போகும்போது ஒரு பக்கமாக இழுக்கும்.

ஆகவே குடும்பத்துக்குப் படகு வேண்டும், அதில் பிள்ளைகள் சர்ஃபும் கற்கட்டும் என்றால் வாங்கச் சொல்லுங்கள். சர்ஃபிங்தான் முதல் ஆசை என்றால் இரண்டு வருஷத்தில் பிள்ளைகள் இந்த அலையைத் தாண்டிவிடுவார்கள், அப்போது பழைய வேக்போட் தேடுவதே மேல்.

ஏரியில் எங்கே ஓட்டுவது என்பதும் முக்கியம் அண்ணா, அதை விட்டுவிடாதீர்கள். இங்கே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி ஃபால்ஸ் ஆய்வகம் இந்தப் படகுகளின் அலையை அளந்து 2022ல் அறிக்கை வெளியிட்டது. வேக்சர்ஃப் அலை சாதாரணப் படகின் அலை அளவுக்கு அடங்க 500 அடிக்கு மேல் தூரம் வேண்டும் என்றார்கள். எங்கள் ஏரியில் கரையோரம் இருப்பவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள், அவர்கள் பேசுவது நியாயம்தான். நாங்கள் நடு ஏரிக்குப் போய்த்தான் எடையை நிரப்புவோம், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்ட மாட்டோம்.


அலைவாய்க் கரை (தரங்கம்பாடி):

சர்ஃபிங் எனக்குத் தெரியாது, புரொப்பல்லர் தெரியும். அப்பாவோடு பதினாறு வயதிலிருந்து கடலுக்குப் போகிறேன்.

சாதாரண டிரைவிலோ அவுட்போர்டிலோ எதிரில் வரும் கட்டையை முதலில் வாங்குவது கியர் பெட்டியும் அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகடும்தான், அதற்குப் பின்னால்தான் இலை. முன்பக்கம் பார்த்ததில் இலைதான் முதலில் வாங்கும். ஒன்று இல்லை, இரண்டு. ஏரியில் மூழ்கிய மரம் இருக்கும், கல் இருக்கும், அந்த ஊர் ஏரியில் எங்கே ஆழம் எங்கே மேடு என்று தெரிந்துகொண்டு ஓட்டச் சொல்லுங்கள். பழைய படகு என்கிறீர்கள், வாங்கும் முன் இரண்டு புரொப்பல்லரின் ஒவ்வொரு இலையின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நெளிவு விரலுக்குத் தெரியும். ஒரு இலை வளைந்திருந்தாலும் அதிர்வு நேராகக் கியருக்குப் போகும்.

கயிறு இன்னொன்று. சர்ஃப் செய்பவர் கயிற்றை விட்டுவிடுகிறார் அல்லவா, அதை உடனே படகுக்குள் சுருட்ட ஒரு ஆள் வேண்டும், தண்ணீரில் மிதக்கவிட்டுப் படகைத் திருப்பினால் நேராக இலையில்தான் போய்ச் சுற்றும். பின்னால் பார்க்கத் தனி ஆள், ஓட்டுபவர் திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது. எங்கள் படகிலும் வலை வாங்கும்போது எஞ்சினைப் பிடிப்பவர் முன்னால்தான் பார்ப்பார்.

முத்துப்பேட்டை நண்பருக்கும் இதுதான் பதில். அங்கே சேறு, வலை, நண்டுக்கு வைத்த கயிறு, போதாததற்கு இடுப்பளவு தண்ணீர். முன்பக்க இலை அரை நாள் தாங்காது. இந்த ஆற்றில், இந்தக் காயலில் ஃபைபர் படகும் லாங் டெயிலும் ஏன் நிலைத்தன என்று யோசித்துப் பாருங்கள், தண்டைக் கையாலேயே தூக்கி, சுற்றியதை அறுத்துவிட்டு மறுபடி இறக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.


கல்லணைக் கால்வாய் (தஞ்சாவூர்):

பொதுப்பணித் துறையில் ஆற்றுக் கரைகளோடு முப்பது வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். எஞ்சினைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்தத் தங்கை எழுதிய 500 அடிக் கணக்கை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் ஏறும், உயரம் இரண்டு மடங்கானால் கரையில் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024ல் விதியே போட்டிருக்கிறது, கரையிலிருந்து 500 அடி தள்ளி, குறைந்தது 20 அடி ஆழத்தில், அப்படிப்பட்ட இடம் 50 ஏக்கர் தொடர்ச்சியாக இருந்தால்தான் இந்த விளையாட்டு. ஆழம் ஏன் என்றால், இந்தப் படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் அழுந்திப் போகின்றன, புரொப்பல்லர் தள்ளும் தண்ணீர் சாய்வாக அடிமண்ணில் போய் மோதிக் கிளறும். மேலே சொன்ன ஆய்வகம் 2025ல் வெளியிட்ட இரண்டாவது அறிக்கையும் வேக்சர்ஃப் ஓட்டத்துக்கு 20 அடி ஆழம் வேண்டும் என்றுதான் சொன்னது. புரொப்பல்லர் முன்னால் பார்த்தால் என்ன, பின்னால் பார்த்தால் என்ன, தண்ணீர் பின்னால்தானே போகிறது.

இனி டெல்டாவில் இருபது அடி ஆழமும் இருபுறமும் ஐந்நூறு அடியும் உள்ள தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் அரசலாறும் பிரிந்து ஓடும்போது, இந்த ஆறுகளில் எத்தனையோ இடங்களில் இக்கரையில் நின்று அக்கரையில் இருப்பவரோடு பேசலாம். கரை மண் கரை. ஓரத்தில் நாணல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் வயல். ஒரு மாசி மாதம் வெண்ணாற்றங்கரையில் நடந்தபோது, மாடு இறங்கும் ஒரே ஒரு தடத்தில் தண்ணீர் அரித்து அரித்து, கரையின் பாதி அகலம் உள்ளே போயிருந்ததைப் பார்த்தேன். மாட்டுக் குளம்பு செய்த வேலை அது. அந்த வருஷம் ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது இரண்டு ராத்திரி மணல் மூட்டையோடு அங்கேயே கிடந்தோம். அதே கரையில் ஒரு நாளைக்கு நூறு தடவை இரண்டடி அலை வந்து அடித்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கொள்ளிடம் அகலம், ஆனால் வெள்ளம் இல்லாத நாளில் மணல். வீராணத்தில் நிறையத் தண்ணீர் இருக்கும்தான், அது பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் உரிய ஏரி, மண் கரை.

முத்துப்பேட்டையை அந்த நண்பர் தயவுசெய்து விட்டுவிடட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைச் சீரழித்தது, பட்டுப்போன மரங்களை நானே போய்ப் பார்த்தேன். அலையாத்திக் காடு என்று பெயர் வைத்தவர்கள் அலையை ஆற்றும் காடு என்று பொருள் சொல்வார்கள். வேர்கள் சேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் அங்கே இறாலும் நண்டும் மீன் குஞ்சும். அந்தச் சேற்றின் மேல் செயற்கை அலையை விடக் கூடாது. அது வனத்துறையின் காப்புக் காடு வேறு, நினைத்தபடி படகு இறக்கவும் முடியாது. விருந்தினர்களைத் துடுப்புப் படகில் அழைத்துப் போகட்டும், வனத்துறையின் அனுமதியோடு, காலை ஆறு மணிக்கு. எஞ்சின் சத்தம் இல்லாதபோது நாரைகள் பத்தடி தூரத்தில் நிற்கும், நான் நின்று பார்த்திருக்கிறேன்.


வெட்டாறு (நாகப்பட்டினம்):

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அத்தானிடம் ஒரு மணி நேரம் பேசினேன். முன்பக்கத் தண்ணீர்ப் பை இல்லை என்று ஒப்புக்கொண்டார், மடியில் தண்ணீர் ஏறிய கதையைக் கேட்டதும் அக்கா போனைப் பிடுங்கி அவளே பேசினாள். படகில் சர்ஃப் தகடு இருக்கிறது. ஏரியின் ஆழ வரைபடத்தை எடுத்துப் பார்த்ததில் நடுவில் 40 அடிக்கு மேல் இருக்கிறது, அகலமும் போதும். எடை குறைவாக வைத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடிவாகியிருக்கிறது. விடுதி நண்பரிடம் நாரையைப் பற்றிச் சொன்னேன், சனிக்கிழமை துடுப்புப் படகு பார்க்கப் போகலாம் என்கிறார்.

பட்டறை அண்ணே, ஒன்று மட்டும் பாக்கி. வருகிற ஞாயிறு அத்தான் படகை நேரில் பார்க்கப் போகிறார், வீடியோவில் நானும் இருப்பேன். விரலால் இலையைத் தடவுவது தவிர வேறு எதைப் பார்க்கச் சொல்லட்டும்?


பழைய பட்டறை (காரைக்கால்):

டிரைவ் காலின் அடியில் உள்ள திருகாணியைக் கழற்றிக் கொஞ்சம் கியர் எண்ணெய் விடச் சொல். தேன் மாதிரி இருந்தால் சரி, பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, விலை பேசாமல் திரும்பிவிட வேண்டும். அப்புறம் காலுக்கும் பின்பலகைக்கும் நடுவே துருத்தி மாதிரி ரப்பர் பெல்லோஸ் இருக்கும், அதன் மடிப்புகளுக்குள் டார்ச் அடித்து வெடிப்பு பார்க்க வேண்டும், கடைசியாக எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேட்க வேண்டும். படகுக்குள் தண்ணீர் வருவதும், உள்ளே இருக்கும் பேரிங் போவதும் அந்த ரப்பரில்தான் ஆரம்பிக்கும். தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஓட்டும்போது ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல், திரும்பும்போது மட்டும் கரகரவென்று உறுமினால் அந்தப் பேரிங்தான். வீடியோவில் சத்தம் சரியாகக் கேட்காது, அக்காவைப் பின்னால் உட்கார்ந்து கேட்கச் சொல். ஞாயிறு எனக்கும் வேலை இல்லை, உங்கள் நேரத்தைச் சொன்னால் நானும் வீடியோவில் வருகிறேன்.